ஏர் ரைபிளில் பெல்லட் சிக்கிக்கொண்டால்: புதியவர்களுக்கான வழிகாட்டி

ட்ரிகரை அழுத்தியதும் வழக்கமான 'டப்' சத்தம் வராமல் அமுங்கலாக ஒரு 'தொப்' கேட்கிறது. பத்து மீட்டர் தள்ளி ஒட்டியிருக்கும் அட்டையில் புது ஓட்டை எதுவும் இல்லை. குறி தப்பிவிட்டது போல என்று நினைத்து அடுத்த பெல்லட்டை, அதாவது அடுத்த ஈயக் குண்டைப் போட்டுச் சுடுகிறோம். அப்போதும் ஓட்டை விழவில்லை. இதற்குள் குழலுக்குள் இரண்டு பெல்லட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்துவிட்டன.

புதிதாகச் சுடப் பழகுகிறவர்களுக்கு இது சீக்கிரமே நடந்துவிடும். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவில் கிடக்கிற எங்கள் எல்லைப் பக்கத்தில், தோட்டத்துச் சாளை வீடுகளில் அப்பா காலத்து ஏர்கன் ஒன்று சுவரோரம் சாத்தியிருப்பது சாதாரணம். இப்போது காலேஜ் போகிற பிள்ளைகளும் அட்டையில் சுட்டுப் பழகப் புது ரைபிள் வாங்குகிறார்கள். பெல்லட் சிக்கிவிட்டால் பாலக்காடோ கோயம்புத்தூரோ போய்த்தான் பழுது பார்க்க வேண்டும். அவ்வளவு தூரம் யார் போவது என்று சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை எடுத்துக் குத்த ஆரம்பிப்பார்கள். ரைபிள் கெடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். பெல்லட் சிக்கியதால் கெட்ட குழல்களைவிட, அதை எடுக்கப்போய்க் கெட்ட குழல்கள்தான் அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிக்கிய பெல்லட்டை இன்னொரு பெல்லட்டால் வெளியே தள்ள முடியாது. கம்பியை விட்டு, பொறுமையாகத் தள்ளித்தான் எடுக்க வேண்டும். எடுத்த பெல்லட்டைத் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கவும் வேண்டும். ஏன் சிக்கியது என்பது அதன் மேலேயே தெரியும்.

முதலில் செய்ய வேண்டியது

ரைபிளைக் கீழே வைக்கும் முன் குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். மணல் மூட்டை, மண் கரை போன்ற பாதுகாப்பான பக்கத்தையே அது கடைசிவரை பார்த்திருக்க வேண்டும். ட்ரிகர் தவறி அழுந்தாமல் தடுக்கிற சேஃப்டியைப் போடுங்கள். விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்கட்டும். பக்கத்தில் குழந்தைகள் நின்றால் வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள். "சுட்டாச்சே, உள்ளே ஒன்றும் இருக்காது" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சிக்கிய ரைபிள், குண்டு போட்ட ரைபிள்தான். முன்வாயில் கண்ணை வைத்து உள்ளே பார்க்கிற வேலை எந்தக் கட்டத்திலும் வேண்டாம்.

அடுத்து, ரைபிள் காக் ஆகியிருக்கிறதா, இல்லையா? எங்கள் பக்கம் அதிகம் புழங்குவது குழலை நடுவில் மடக்கி ஸ்பிரிங்கை இழுக்கிற பிரேக் பேரல் ரகம். அதில் குழலைக் கொஞ்சம் மடக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். சற்று மடங்கியதும் ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளினால் காக் ஆகவில்லை. எந்த எதிர்ப்பும் இல்லாமல் தொளதொளவென்று கீழே வந்தால் காக் ஆகியிருக்கிறது, அதாவது ஸ்பிரிங் முழு விசையோடு பின்னால் நிற்கிறது.

காக் ஆகாத நிலையில்தான் வேலை செய்ய வேண்டும். காக் ஆகியிருந்தால் ஸ்பிரிங்கை இறக்கியாக வேண்டும். சில ரைபிள்களில் குழலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ட்ரிகரை அழுத்தி, மெதுவாக மேலே விட்டு இறக்க முடியும். பழகிய ஆள் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். பிடி நழுவினால் குழல் படாரென்று மேலே வந்து அடிக்கும். இடையில் இருக்கிற விரல் போய்விடும். திறந்திருக்கும்போது ட்ரிகர் வேலை செய்யாதபடி பூட்டு வைத்த ரைபிள்களில் இந்த வழியே கிடையாது. அப்படிப்பட்டதில், புது பெல்லட் போடாமல், குழலை முழுதாக மூடி, மணல் மூட்டையைக் குறிவைத்து ஒரே ஒரு முறை சுடலாம். இதன் நோக்கம் ஸ்பிரிங்கை இறக்குவது மட்டும்தான். சிக்கிய பெல்லட் பாய்ந்து வெளியே வந்தாலும் வரலாம் என்பதால் உண்மையாகச் சுடும்போது வேண்டிய எல்லாப் பாதுகாப்பும் வேண்டும். வரவில்லையென்றால் அதோடு நிறுத்திவிடுங்கள். இரண்டாவது முறை கிடையாது.

குழல் அசையாமல், கீழேயோ பக்கவாட்டிலோ இருக்கிற லீவரை இழுத்துக் காக் செய்கிற ரகம் உங்களுடையது என்றால் இன்னும் கவனம். பெல்லட் போடுகிற இடைவெளி திறந்திருக்கும்போது, விரலோ கம்பியோ அதற்குள் போகிற நேரம் முழுக்க, ஒரு கை லீவரை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். உள்ளே இருக்கிற உருளை முன்னால் பாய்ந்தால் நடுவில் எது இருந்தாலும் நறுக்கிவிடும். தனியாக இருந்தால் வேலையைத் தொடங்கவே வேண்டாம். வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு லீவரைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

காற்றை முன்கூட்டியே அடைத்து வைத்துச் சுடுகிற பிசிபி ரைபிளில் சிலிண்டருக்குள் 200 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும். சில மாடல்களில் அதற்கும் மேல். பெல்லட்டுகளை அடுக்கி வைக்கிற மேகசினைக் கழற்றுங்கள். கையேட்டில் சொன்ன முறைப்படி காற்றை முழுக்க இறக்குங்கள். கேஜ் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் குழலுக்குள் கம்பி போகலாம். காற்றை இறக்குகிற வழி உங்கள் மாடலில் இல்லையென்றால், அல்லது கையேடு கையில் இல்லையென்றால், ரைபிளைக் கடைக்கு எடுத்துப் போங்கள். அழுத்தம் இருக்கும்போது ஒரு திருகைக்கூடத் தொடாதீர்கள்.

எந்தக் கம்பி

தென்னை ஈர்க்கு உள்ளேயே ஒடிந்து நின்றுவிடும். குடைக்கம்பியும் ஸ்போக்ஸும் எஃகு. குழலின் உட்சுவரில் சுருள் சுருளாக வரிகள் வெட்டியிருப்பார்கள். பெல்லட்டைச் சுழலவிட்டு நேராகப் போக வைப்பது அந்த வரிகள்தான். எஃகு முனை ஒருமுறை கீறினால் அந்தக் கீறல் போகாது. முன்வாயின் விளிம்பு இன்னும் முக்கியம். பெல்லட் குழலை விட்டுப் பிரிகிற கடைசி இடம் அது. அங்கே கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழுந்தால்கூட, பின்னால் இருந்து வரும் காற்று ஒரு பக்கம் முந்திக்கொண்டு பெல்லட்டைத் தள்ளிவிடும். அப்புறம் எவ்வளவு நிதானமாகச் சுட்டாலும் குண்டுகள் அட்டையில் சிதறித்தான் விழும்.

பித்தளைக் கம்பிதான் சரி. 4.5 மி.மீ. குழலுக்கு 4 மி.மீ. கம்பி, 5.5 மி.மீ. குழலுக்கு 5 மி.மீ. கம்பி. ரொம்ப மெலிதாக இருந்தால் கம்பி பெல்லட்டின் உட்குழிக்குள் புகுந்து குத்திக் கிழிக்கும். குழலோடு ஓரளவு நெருங்கி ஓடினால்தான் நேராகத் தள்ளும். குழலைவிட ஒரு சாண் அதிக நீளம் வேண்டும். பக்கத்து ஊர் லேத் பட்டறையில், "அண்ணா, நாலு எம்.எம். பித்தளை, முனை தட்டையா இருக்கணும், ஓரம் மட்டும் லேசா மழுக்கிக் குடுங்க" என்று சொன்னால் நிமிடத்தில் கடைந்து தந்துவிடுவார்கள். கூர்முனை வேண்டவே வேண்டாம். கம்பியை ஒரு கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். துள்ளினால் வளைந்திருக்கிறது, வளைந்த கம்பி குழலின் சுவரைத் தேய்த்துக்கொண்டே போகும்.

கம்பியின் நடுவில் இரண்டு மூன்று இடத்தில் மெல்லிய செலோ டேப்பை ஒரே ஒரு சுற்றுச் சுற்றினால் உலோகத்தில் உலோகம் உரசாது. சுற்றிய பிறகு கம்பி தாராளமாகப் போய் வருகிறதா என்று முதலில் குழலின் வாயில் ஒரு அங்குலம் விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இறுகினால் டேப்பை உரித்துவிடுங்கள். டேப் உள்ளே கழன்று சிக்கினால் அது வேறு தலைவலி.

எங்கே நிற்கிறது, எத்தனை நிற்கிறது

பலரும் தாண்டிப் போய்விடுகிற வேலை இது. என்னைக் கேட்டால், மொத்தக் காரியத்திலும் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

ரைபிளை மடித்த சாக்கின் மேல் படுக்க வையுங்கள். முன்வாய் வழியாகக் கம்பியை மெல்ல விடுங்கள். ஏதோ தட்டுப்படும். தள்ளாதீர்கள். குழலின் விளிம்போடு ஒட்டி இருக்கும் இடத்தில் கம்பியின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டு வெளியே எடுத்து, முனையிலிருந்து கோடு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதே போலப் பின்வாயிலிருந்தும் அளக்க வேண்டும். பிரேக் பேரலில் குழலைக் காக் ஆகாத அளவுக்கு மட்டும் மடக்கினால் பின்வாய் தெரியும். ஒருவர் அப்படியே பிடித்துக்கொள்ள, மற்றவர் வளைகிற மெல்லிய பிளாஸ்டிக் குச்சியை விட்டு அளக்கலாம்.

இப்போது கணக்கு. குழலின் நீளம் 420 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன்வாயிலிருந்து 263, பின்வாயிலிருந்து 150. கூட்டினால் 413. மிச்சம் 7. சாதாரண 4.5 மி.மீ. பெல்லட் ஏறக்குறைய 6, 7 மி.மீ. நீளம்தான் இருக்கும். ஆக ஒன்றுதான் நிற்கிறது. மிச்சம் 18, 20 என்று வந்தால் மூன்றோ நான்கோ இருக்கின்றன. பின்னால் வந்ததன் மூக்கு முன்னால் நிற்பதன் குழிக்குள் நுழைந்துகொள்வதால், எண்ணிக்கைக்கு ஏற்ற நீளம் அப்படியே வராது. இரண்டு அளவையும் கூட்டினால் குழல் நீளமே வருகிறது என்றால் உள்ளே எதுவும் இல்லை. அப்போது கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

இந்தக் கணக்கு தெரிந்தால் எந்தப் பக்கம் தள்ளுவது, எத்தனை வெளியே விழ வேண்டும் என்பது தெரிந்துவிடும். இரண்டு வெளியே வந்ததும் முடிந்துவிட்டது என்று நினைத்து, மூன்றாவது உள்ளே இருக்க ரைபிளை மூடிவிடுகிற ஆபத்தும் வராது.

தள்ளி எடுப்பது

குழலின் உட்சுவரில் ஒரு சொட்டு மட்டும் எண்ணெய் வேண்டும். சிலிகான் எண்ணெய் நல்லது. முன்வாயைச் சற்றே மேலே தூக்கி ஒரு சொட்டு விட்டு, பெல்லட் வரை அது இறங்கிப் போகக் கால் மணி நேரம் விடுங்கள். ஒரு சொட்டு என்றால் ஒரு சொட்டுதான். அதற்கு மேல் போனால் எண்ணெய் பின்பக்கம் வழிந்து பிஸ்டன் ஓடுகிற அறைக்குள் போகும். அங்கே காற்று அழுந்தும்போது உண்டாகிற சூட்டில் பெட்ரோலிய எண்ணெய் டீசல் எஞ்சினில் போலவே தீப்பிடித்து வெடிக்கும். சத்தமும் புகையும் வரும், காற்று கசியாமல் தடுக்கிற சீல் கருகும், ஸ்பிரிங் கெடும். துருவை இளக்குகிற ஸ்பிரேக்களும் இதற்கு ஆகாது. பிசிபியில் சிலிகானைத் தவிர வேறு எதுவும் கூடாது. எங்கள் பக்கம் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான் கைக்கு வரும். மார்கழிக் குளிரில் உறைவதையும், நாள்பட்டால் பிசுபிசுவென்று ஆவதையும் பார்த்திருப்பீர்கள். குழலுக்குள் அது வேண்டாம்.

எந்தப் பக்கம் தள்ளுவது? பெல்லட் எந்த வாய்க்குப் பக்கத்தில் நிற்கிறதோ அந்த வாய் வழியாக வெளியே வரும்படி. பழக்கத்தில் பெரும்பாலும் முன்வாயிலிருந்து பின்வாய்க்குத் தள்ளுவதாகத்தான் அமையும். பிரேக் பேரலைக் காக் ஆகாமல் கொஞ்சமே மடக்கினால், பின்பக்கமிருந்து நேரான கம்பி நுழையாது. அசையாத குழல் உள்ள ரகங்களிலும் பின்பக்கம் இடமில்லை. முன்வாயிலிருந்து தள்ளும்போது விளிம்பைக் காப்பாற்ற வேண்டும் என்பதை மறக்காதீர்கள். இடது கைக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் குழலின் வாயை வளையம் போலச் சூழ்ந்திருக்க, கம்பி அந்த வளையத்தின் நடுவில் ஓட வேண்டும்.

குழலைக் கொஞ்சமாக மடக்கி ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் கம்பியின் நுனியில் ஒரு சின்ன மரத்துண்டை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். குத்துவதோ இடிப்பதோ வேண்டாம்; ஒரே சீராக அழுத்த வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும். அப்புறம் கையில் ஒரு சின்ன நெகிழ்வு தெரியும். பெல்லட் இடம் பெயர்ந்துவிட்டது. அதன் பிறகு மாவுக்குள் விரல் இறங்குகிற மாதிரி ஒரே கனத்தில் நகர்ந்து வரும். பின்வாயில் வந்து விழும்போது கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்திருந்தால் அங்கே இங்கே உருண்டு தொலையாது.

அழுத்தி நகரவில்லை என்றால் ஸ்குரூ டிரைவரின் மரப்பிடியால் லேசாகத் தட்டலாம். லேசாக என்பதைக் கவனியுங்கள். ஈயம் மிருதுவான உலோகம். சுத்தியால் அடித்தால் நகராமல் தட்டையாகிப் பக்கவாட்டில் விரியும். குழல் வரிகளுக்குள் ஆணி அறைந்தது போல் இறுகிவிடும். நாலைந்து தட்டலில் அசையாவிட்டால் இன்னொரு சொட்டு எண்ணெய் விட்டு, ரைபிளை அப்படியே மறுநாள் காலை வரை விட்டுவிடுங்கள். சேஃப்டி போட்டிருக்கட்டும், கம்பி குழலுக்குள் இருக்கக் கூடாது. கம்பி உள்ளே இருக்கும் ரைபிளை யாராவது தெரியாமல் எடுத்து மடக்கி ட்ரிகரை அழுத்தினால் அந்தப் பித்தளை அம்பாகப் பாயும்.

பல பெல்லட்டுகள் இருந்தால் ஒரே திசையில் மட்டும் தள்ளுங்கள். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று தள்ளினால் இரண்டும் நெருங்கி ஒன்றாகிவிடும்.

குழலைச் சூடாக்கி ஈயத்தை உருக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. ஈயம் உருக 327 டிகிரி வேண்டும். அதற்குள் குழலின் கறுப்புப் பூச்சு போகும், சீல் உருகும், ஈயப் புகை உங்கள் மூச்சுக்குள் போகும். ட்ரில் போட்டுத் துளைப்பதும் அப்படித்தான். பிட் ஓரமாகச் சறுக்கினால் வரிகள் காலி.

எடுத்த பெல்லட்டைப் படிப்பது

இப்போது பெல்லட் வெள்ளைத் துணியில் கிடக்கிறது. டார்ச்சை அடித்து, முடிந்தால் ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். இடுப்பு குறுகி, முன்னால் மூக்கும் பின்னால் விரிந்த பாவாடையும் உள்ள சிறு ஈயத்துண்டு, 4.5 மி.மீ. என்றால் அரை கிராம் அளவுக்குத்தான் எடை.

பாவாடை ஒரு பக்கம் மட்டும் நசுங்கி மடிந்திருந்தால், போடும்போதே கோணலாகப் போட்டிருக்கிறீர்கள். கட்டை விரலால் அழுத்தி, பாவாடையின் ஓரம் பின்வாய் மட்டத்துக்கு வரும்வரை உள்ளே தள்ளியிருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாவாடையைக் குழல் மூடும்போது நசுக்கிவிட்டது.

வரித்தடங்கள் மூக்குப் பக்கம் ஆழமாகவும் பாவாடையில் தாறுமாறாகவும் இருந்தால், தலைகீழாகப் போட்டிருக்கலாம். அவசரத்தில் இது சகஜம். மூக்கு முன்வாயைப் பார்க்க வேண்டும், குழி உங்களைப் பார்க்க வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் ஈயம் சீவியது போல வழித்திருந்தால், பிசிபியில் மேகசின் குழலோடு நேராக உட்காரவில்லை. பிசிபியில் இரண்டு பெல்லட் வந்திருந்தால், பெல்லட்டைக் குழலுக்குள் ஏற்றுகிற போல்ட்டைச் சுடாமலே இரண்டு முறை இழுத்துத் தள்ளியிருக்கலாம். முதலாவது உள்ளே இருக்க, இரண்டாவதும் பின்னாலேயே ஏறிவிட்டது. போல்ட்டை இழுத்தபின் சுடாமல் வைத்தால், குழலில் ஒன்று இருக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

சுற்றிலும் வரித்தடங்கள் அழகாக, சமமாகப் பதிந்து, எந்தக் காயமும் இல்லாமல் வந்தால் பெல்லட் மேல் குற்றமில்லை. தள்ளுகிற காற்றுக்குத்தான் பலம் போதவில்லை. பின்வாயைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் கிழிந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பிஸ்டன் சீல் தேய்ந்திருக்கலாம், பிசிபியில் காற்று குறைந்திருக்கலாம். இதில் பெல்லட்டை எடுத்ததோடு காரியம் முடியவில்லை. காரணத்தைச் சரி செய்யாவிட்டால் இன்று எடுத்தது நாளை மறுபடி சிக்கும்.

பெல்லட் மேல் வெள்ளைப் பொடி படிந்திருந்தால், டப்பா ஈரத்தில் திறந்து கிடந்திருக்கிறது. இடவப்பாதி மழைக் காலத்தில் தோட்டத்து வீட்டில் இது சாதாரணமாக நடக்கும். அந்தப் பொடி ஈயத்தின் களிம்பு, நச்சு. பெல்லட்டைப் பருமனாக்கும், குழலை அடைக்கும். அந்த டப்பாவை மொத்தமாக ஒதுக்கிவிடுங்கள். அதைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள். கோழி பொறுக்கித் தின்னும். வாயில் பெல்லட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. அதை இன்றே விட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும்.

பெல்லட்டே இல்லாமல் சைக்கிள் பால்ரஸ் வந்து நின்றால்? இது எங்கள் பக்கம் நிஜமாகவே நடக்கிற விஷயம். சைக்கிளின் முன் சக்கரத்து பால்ரஸ் பெரும்பாலும் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு, அதாவது 4.76 மி.மீ. குழலோ 4.5. திணித்தால் விளிம்பில் நுழையும், அப்புறம் நகரவே நகராது. ஈயம் போல எஃகு நெகிழ்ந்து கொடுக்காது. கம்பியால் அடித்தால் வரிகள்தான் கெடும். இதை மட்டும் வீட்டில் முயலாமல் நேராகப் பழுது பார்ப்பவரிடம் கொண்டு போய்விடுங்கள். வரி வெட்டிய குழலில் எஃகுக் குண்டு போடவே கூடாது.

சுத்தம் செய்து, சோதித்துப் பார்ப்பது

பழைய பருத்தி வேட்டியிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்துக்கொள்ளுங்கள். தடித்த தூண்டில் நரம்பை இரண்டாக மடித்துப் பின்வாய் வழியாக விட்டு, முன்வாயில் வெளியே எடுத்து, பின்பக்கம் நிற்கிற வளையத்தில் துணியைக் கோத்து இழுங்கள். துணி கறுப்பாக வரும். அடுத்தடுத்த துண்டுகள் வெளுத்து வரும்வரை இழுத்தால் போதும். கடைசித் துண்டில் ஈயச் செதில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இன்னும் இழுக்க வேண்டும். பிறகு பின்வாயில் வெள்ளைத் தாளை வைத்து அதன் மேல் டார்ச் அடியுங்கள். ஸ்பிரிங் காக் ஆகவில்லை, உள்ளே எதுவும் இல்லை என்பதைக் கம்பியை விட்டு உறுதி செய்த பிறகு, முன்வாயிலிருந்து ஓரளவு தள்ளிச் சாய்வாகப் பார்த்தால் வரிகள் வட்டமாகத் தெரியும். வட்டம் ஒரு இடத்திலும் உடையக் கூடாது.

எண்ணெய் விட்ட குழலைத் துடைக்காமல் சுடக் கூடாது. காய்ந்த துணி கடைசியாக ஒரு முறை போயாக வேண்டும்.

சோதனைச் சூட்டுக்கு, ஒரு சின்ன டிஷ்யூ பேப்பர் துண்டைக் குழலும் உடலும் சேர்கிற இடத்தின் மேல் வையுங்கள். நல்ல பெல்லட் ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் பாவாடை வட்டமாக இருக்கிறதா என்று பார்த்துப் போட்டு, மணல் மூட்டைக்கு முன்னால் ஒட்டிய அட்டையில் சுடுங்கள். ஓட்டை விழுந்ததா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்தது. டிஷ்யூ பறந்தால் காற்று அந்த இடுக்கில் கசிகிறது. பின்வாய் சீலை மாற்ற வேண்டும். மாடல் பெயர் சொல்லிக் கேட்டால் கடையில் கிடைக்கும், விலையும் பெரிதில்லை. டிஷ்யூ அசையாமல், சத்தம் மட்டும் இன்னும் அமுங்கலாக இருந்தால் உள்ளே ஸ்பிரிங்கோ பிஸ்டன் சீலோ பார்க்க வேண்டியிருக்கும். ஸ்பிரிங் அழுந்திய நிலையில் உடலுக்குள் இருப்பதால், அதற்கென்று உள்ள கிளாம்ப் இல்லாமல் யாரும் பிரிக்கக் கூடாது. பெல்லட் போடாமல் வெறுமனே காக் செய்து சுடுவதும் வேண்டாம். முன்னால் காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் நேராகப் போய் மோதும்.

பெல்லட்டுகள் டப்பாவிலேயே 4.49, 4.50, 4.51, 4.52 என்று தலை அளவோடு வருகின்றன. ஒரே குழலுக்கு ஒன்று இறுக்கமாகவும் இன்னொன்று தொளதொளவென்றும் இருக்கும். கட்டை விரலுக்கு லேசான எதிர்ப்புக் கொடுத்து உள்ளே போவதுதான் சரியான அளவு. விலை குறைந்த டப்பாக்களில் ஒன்றுக்கொன்று அளவு மாறும். சுடும் முன் ஒவ்வொன்றையும் விரல் நுனியில் உருட்டிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் சிக்கலில் பெரும்பங்கு வராது.

எதைச் சுடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாங்காய்த் தோட்டத்திலும் நெல் வயலிலும் மயில் நிறைய வருகிறது, கிளி வருகிறது. முதலமடைப் பக்கம் தோட்டக்காரர்களுக்கு அதனால் ஏற்படுகிற நஷ்டம் உண்மைதான். ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மயிலைச் சுட்டால் சிறை. ஏர் ரைபிள் அட்டைக்கும் தகர டப்பாவுக்கும்தான். விரட்ட வேண்டுமானால் வலையும் தகரத் தட்டும் இருக்கின்றன.

பழுது பார்க்கக் கொண்டு போகும்போது, ரைபிளில் பெல்லட் சிக்கியிருக்கிறது என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். அளந்து எழுதிய சீட்டையும் கொடுங்கள். எந்த எண்ணெய் விட்டீர்கள், எதால் தட்டினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பேருந்திலோ வண்டியிலோ போகும்போது ரைபிள் காக் ஆகாமல், உறைக்குள் இருக்கட்டும். பெல்லட் டப்பா தனிப் பையில். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. ஆனாலும் கோவிந்தாபுரம், வேலந்தாவளம், வாளையார் என்று எந்தச் செக்போஸ்ட்டைக் கடந்தாலும் போலீஸ்காரர் உறையைத் திறக்கச் சொல்லலாம். ரைபிளின் சீரியல் எண் எழுதிய கடை பில்லின் நகலும், உங்கள் ஆதாரும் அந்த உறையின் பையிலேயே இருந்தால் ரோட்டோரம் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.